பூட்டு போட்டவன்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. லிப்ட்காரன் சொல்லிக் கேட்டு வருடங்களாகிவிட்டன. அவன் மனைவி சொன்னது அதற்கும் பிறகு, வேறொரு சந்தர்ப்பத்தில். இரண்டு பேர் சொன்னதும் பல இடங்களில் ஒட்டவில்லை. டீச்சர் வீட்டுப் பால்கனிக் கதவு பச்சை என்றான் அவன். நீலம் என்றாள் அவள். அந்த டீச்சரை நாற்காலியில் தூக்கி இறக்கிய அன்று மழை பெய்ததா இல்லையா என்பதிலும் அவர்களுக்குள் தகராறு. பூட்டு விஷயத்தில் மட்டும் இருவர் பேச்சிலும் ஓர் எழுத்து மாறவில்லை. அதனால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவன் லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேரை அவன்தான் மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான் என்று அவன் அண்ணன் கிண்டலாகச் சொல்வான். ஆனால் அவன் குடும்பம் இருந்தது தரைத்தளத்தில், அதுவும் அந்த அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கூடத்தில். ஒரு வீடு பார்க்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். வரும்போது மகள் கைக்குழந்தை. அந்தக் கூடத்திலேயே தவழ்ந்து, நடந்து, இப்போது பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணி கெட்டவள் இல்லை. ஆனாலும் ஒரு மனுஷி எத்தனை வருடம்தான் முகம் சுளிக்காமல் இருப்பாள்? சுளிப்பதை அவள் வாயால் செய்யவில்லை. டிவியால் செய்தாள். கூடத்தில்தான் டிவி. அவள் பார்க்கிற தொடர் முடிந்தால்தான் இவர்கள் படுக்கையை விரிக்க முடியும். லிப்ட்காரனின் மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். வீங்கிய காலோடு சுவரில் சாய்ந்து அந்தத் தொடரை அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள். "அதுல வர்ற மாமியார் சாகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது. அவங்களைப் பாத்தா நம்மளை எல்லாம் அனுப்பிட்டுத்தான் போவாங்க போல" என்று ஒரு நாள் அவன் காதோடு சொன்னாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு கதவு வேணுங்க. உள்ள இருந்து தாப்பாள் போடற மாதிரி. அதுக்குப் பின்னாடி எவ்வளவு சின்ன இடமா இருந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

அவர்கள் தேடாத இடமில்லை. எதைப் பார்த்தாலும் சதுர அடியில் பேசுகிற தரகர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சதுரடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கிற அறையைக்கூட அவர் காற்றோட்டம் என்றுதான் சொல்வார். வங்கி எவ்வளவு கடன் தரும் என்று கேட்டுக்கொண்டு போய் அவரிடம் சொன்னபோது, வண்டி நிறுத்துகிற இடம் வேண்டுமானால் பார்க்கலாம், அதுவும் சின்ன வண்டியாக இருந்தால், என்றார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

டீச்சர் இருந்தது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மாடியில். பழைய கட்டடம், ஒரே லிப்ட். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது, பிள்ளை இல்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன கனத்த உடம்பு. அவருக்கு அந்த ஊரில் இருந்தது ஓர் அக்காதான். அடுத்த தெருவில் தரைத்தளத்து வீட்டில் இருந்தார். தினமும் மதியம் டீச்சர் லிப்ட்டில் இறங்கி வருவார், அக்கா நடந்து வருவார், இருவரும் பேக்கரி முன்னால் கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசுவார்கள். பேசுவார்கள் என்பதைவிடச் சண்டை போடுவார்கள் என்பது பொருத்தம். சின்ன வயதில் யார் யாருடைய ரிப்பனைத் தொலைத்தது என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு நாள் லிப்ட் நின்றுவிட்டது. லிப்ட்காரன் வந்து மொட்டைமாடி மோட்டார் அறையில் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே லிப்ட்டை இயக்குகிற மின்சார போர்டில் ஒரு மூலையில் கருகின மாதிரி ஒரு தடம். போர்டு போய்விட்டது, புதிது வரவழைக்க வேண்டும், பழைய மாடல் என்பதால் மாதக்கணக்கில் ஆகலாம் என்று குடியிருப்போரிடம் சொன்னான். அன்று அதை நம்பித்தான் சொன்னான். மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட்டு, தன் பெயர் எழுதின சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான்.

அந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லிப்ட் வேலையில் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு பூட்டு உண்டு, ஒரே ஒரு சாவி. ஒருவன் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டால் அவனேதான் வந்து திறக்க வேண்டும். மேலதிகாரி வந்தாலும் தொடக்கூடாது. ஏனென்றால் பூட்டு போட்டவன் லிப்ட் ஏறி இறங்குகிற குழிக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கலாம்; தெரியாமல் இன்னொருவன் சுவிட்சைப் போட்டால் கதை முடிந்தது. வேலையில் சேருகிற அன்று முதல் பாடமே இதுதான். பொய் சொல்கிறவன், குடிக்கிறவன், வேலைக்கு மட்டம் போடுகிறவன் எல்லோரும் அந்தத் தொழிலில் உண்டு. அடுத்தவன் பூட்டைத் தொட்டவன் கிடையாது.

அடுத்த வாரம் போர்டின் நம்பரைக் குறித்துக்கொள்ள வந்தான். மேல் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது டீச்சர் கதவைத் திறந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிறையப் பேசினார். இந்தப் படி தனக்கு ஒத்துவராது, வீட்டை விற்றுவிட்டு அக்காவோடு போய் இருந்துவிடலாம் என்று பார்ப்பதாகச் சொன்னார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பாதி விலைக்குக் கேட்கிறார்களாம். லிப்ட் இல்லாத மேல் மாடியை வேறு எந்த விலைக்கு வாங்குவார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பாதி விலை. லிப்ட்காரன் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தைப் பார்த்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. எல்லாவற்றுக்கும் கதவு இருந்தது.

இறங்கும்போது, கை பழக்கத்தில் ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் கதவை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லா மாடியிலும் கதவு சரியாக மூடியிருந்தால்தான் லிப்ட் நகரும். ஒவ்வொரு கதவிலும் உள்ளே சின்னதாக ஒரு செம்புத் தகடு, நாக்கு மாதிரி, தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் அந்த நாக்கு வளைந்திருந்தது. யாரோ அலமாரி ஏற்றும்போது இடித்திருக்கிறார்கள். லிப்ட் நின்றது இதனால்தான்; போர்டில் இருந்த கருகல் எந்தக் காலத்ததோ. குறடு எடுத்து ஒரு திருகு திருகினால் போதும்.

குறடு எடுத்தான். அதை அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான் என்று சொன்னான். என்ன யோசித்தாய் என்று நான் கேட்டதற்கு, ஒன்றும் யோசிக்கவில்லை, காது அடைத்த மாதிரி இருந்தது என்றான். பிறகு அதைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பண்ணிக்கொள்ளலாம் என்று கீழே இறங்கினான். தப்பாகச் சொல்லிவிட்டோமே, குடியிருப்போர் என்ன நினைப்பார்கள் என்கிற கூச்சம்தான் முதலில் இருந்தது என்றும் சொன்னான். இருக்கலாம். மனுஷன் இறங்குகிற முதல் படி எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

மறுநாள் அவன் போகவில்லை. அதற்கடுத்த நாள் போனான், கையில் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு. மேல் மாடிக்கு ஏறி டீச்சரிடம் கொடுத்தான். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகிற வழியில் பால், திரும்புகிற வழியில் காய்கறி, மாத்திரை. மாத்திரையை அவன் மனைவியே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்புவாள். நடிப்பாகத்தான் செய்தானா என்றால் இல்லை. அவனுக்கு டீச்சரைப் பிடித்திருந்தது. அவர் சொல்கிற பழைய கதைகளைக் கேட்டு உண்மையாகவே சிரித்தான். ஆறு மாடி ஏறியதில் கால் உண்மையாகவே வலித்தது. சாவி மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

கம்பெனியில் கேட்டால், குடியிருப்போர் இன்னும் பணம் கட்டவில்லை என்றான். குடியிருப்போர் கேட்டால், கம்பெனி இன்னும் போர்டு அனுப்பவில்லை என்றான். இரண்டு பக்கமும் நம்பக்கூடிய பொய்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். நடுவில் நின்றவனை யாரும் பார்க்கவில்லை.

அக்கா இப்போது தினமும் மதியம் கட்டடத்துக்குக் கீழே வந்து நின்றார். அவரால் ஏற முடியாது. நெஞ்சு இடம் கொடுக்காது. டீச்சர் பால்கனிக்கு வருவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசுவார்கள். கீழே இருப்பவர் கழுத்து வலிக்கிறது என்று தலையைத் தாழ்த்தினால், "மூஞ்சியைக் காட்டுக்கா, உன் நடுவகிட்டை எத்தனை நேரம் பாக்கறது?" என்று மேலே இருப்பவர் அதட்டுவார். காய்கறிப் பையோடு லிப்ட்காரன் அந்த அக்காவைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் அவன் கையைப் பிடித்து, நல்லா இருப்பாய் என்று சொல்லி அனுப்புவார்.

வீட்டைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது டீச்சருக்குப் பரம திருப்தி. மனைவியையும் மகளையும் அழைத்து வந்து காட்டினான். மனைவி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். படியிறங்கும்போது கேட்டாள், நாம் குடிவந்த பிறகு லிப்ட் ஓடுமா என்று. ஓடும் என்றான். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவள் மருந்துக்கடைக்காரி, டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து தயங்கி நிற்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அவன் அந்தக் கதவைப் பார்க்காமல் நடந்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

டீச்சருடைய தம்பி மகன் வெளிநாட்டில் இருந்தான். அவனுக்கு இந்த விலை பிடிக்கவில்லை. லிப்ட் சரியாகட்டும், அதற்கப்புறம் விற்றால் இரண்டு மடங்கு வரும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளக்கூடாதா என்று போனில் வாதாடினான். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் டீச்சர் பேசுவார். லிப்ட்காரன் காய்கறியை எடுத்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "அதுவரைக்கும் நான் காக்கா மாதிரி இங்கேயே உட்கார்ந்திருக்கணுமா? எனக்குக் காசு வேண்டாம்ப்பா, தரை வேணும்" என்றார் டீச்சர். சரி, பதிவு ஆவதற்குள் லிப்ட் ஓடிவிட்டால் விலையை மறுபடி பேச வேண்டும் என்று அந்தப் பிள்ளை கறாராகச் சொல்லிவிட்டு வைத்தான். வங்கிக் காகிதமெல்லாம் முடிந்து பதிவுக்கு நாள் குறிக்க இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. ஆக, லிப்ட் நின்றே கிடக்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் அவனுக்குத் தாங்கவில்லை. திறந்துவிடுவது என்று முடிவு செய்து மொட்டைமாடிக்கே போய்விட்டான். பூட்டில் சாவியை நுழைக்கிற நேரம் மனைவி போன் செய்தாள். அண்ணியின் தங்கை வருகிறாளாம், பிரசவத்துக்கு. கூடத்தை எப்போது காலி செய்வீர்கள் என்று அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் கேட்க முடியாமல் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறான். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். "நல்ல வேளைங்க, நமக்கு டீச்சர் வீடு கிடைச்சுது" என்றாள். அவன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

எல்லோரும் அரைமணி என்று கூப்பிடுகிறவர் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அரைமணி அவனோடு வேலை செய்கிறவர், வயதில் மூத்தவர். எந்த வேலையைக் கேட்டாலும் அரை மணியில் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அங்கேயே கிடப்பார். அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தவர், இத்தனை நாளாக ஒரு லிப்ட் கிடக்கிறதே என்று தானாகவே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். லிப்ட்காரன் பின்னாலேயே ஓடினான்.

"போர்டுதானா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு. நான் ஒரு தடவை பாக்கட்டா? அரை மணி போதும்."

"என் பூட்டு தொங்குதுண்ணே."

அரைமணி நீட்டின கையை மடக்கிக்கொண்டார். பூட்டைப் பார்த்தார், அட்டையில் இருந்த பெயரைப் படித்தார், அவனைப் பார்த்தார். பிறகு வேறு பேச்சு பேசவில்லை. கீழே வந்து, வா ஒரு டீ குடிக்கலாம் என்றார். உயிர் போகக்கூடாது என்று வைத்த வழக்கம் அது. அவன் அதை இதற்குப் பயன்படுத்தினான். அந்தத் தொழிலில் அவனுக்கு மட்டும்தான் அன்று என்ன நடந்தது என்று தெரியும். ஒருவேளை அரைமணிக்கும் தெரிந்திருக்கலாம்.

பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின வாரம், ஒரு காலையில், பால் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரத்தில் டீச்சருக்குப் போன் வந்தது. அக்கா குளியலறை வாசலில் சரிந்து விழுந்துவிட்டார்; பக்கத்து வீட்டு டாக்டர் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்; ஆம்புலன்ஸ் வந்தாலும் பிரயோஜனமிருக்காது என்கிறார்; அக்கா மட்டும் தங்கை எங்கே, தங்கை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டீச்சர் அழவில்லை. "தம்பி, நான் எப்படியாவது கீழ போகணும்" என்றார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

அவர் கண்ணாடியைத் தேடியெடுத்த நேரத்துக்குள் அவன் எல்லாவற்றையும் யோசித்துவிட்டான். மூன்றாம் மாடிக்கு இறங்க வேண்டும், ஒரு திருகு, மறுபடி மேலே, பூட்டைத் திறக்க வேண்டும், சுவிட்சைப் போட வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரம். லிப்ட் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். இத்தனை நாள் ஓடாதது இன்றைக்கு எப்படி ஓடியது? தம்பி மகன் காதுக்குப் போகும். விலை. கூடம். டிவி. சமையலறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்த மனைவி.

கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனான். போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டான்.

அண்ணன் ஒரு கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கேயோ சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விட்டுவிட்டு வந்தான். கைப்பிடி வைத்த மர நாற்காலியில் டீச்சரை உட்கார வைத்து, போர்வையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். டீச்சருக்குக் கூச்சம். தன்னை யாரும் இப்படித் தூக்கியதில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக மறுபடி கூச்சப்பட்டார். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. இறங்குகிற வேலை ஏறுகிறதைவிடக் கஷ்டம். பாரம் முழுக்க முன்னால் இருக்கிறவன் மேல் விழும். முன்னால் இருந்தது லிப்ட்காரன்.

மூன்றாம் மாடிக்கு வந்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது. நிற்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படிக்குக் காலை வைத்தான். டீச்சர்தான் நிறுத்தினார்.

"இறக்குங்கப்பா. தம்பிக்கு மூச்சு வாங்குது. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போகலாம்."

"வேண்டாம் டீச்சர், போயிடலாம்."

"நீ விழுந்து வச்சா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? இறக்கு."

இறக்கினார்கள், லிப்ட் கதவுக்குப் பக்கத்திலேயே. அங்கே இருந்த வீட்டில் சொல்லி அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார் டீச்சர். குடித்தான். குடிக்கிற வரைக்கும் அவர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வேனில் ஏற்றி அடுத்த தெருவுக்குப் போனார்கள். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். இப்போதுதான், கொஞ்சம் முன்னால்தான், என்றார் டாக்டர். உடம்பு சூடாகத்தான் இருந்தது. டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் வரை அதை விடவில்லை. லிப்ட்காரன் வாசலிலேயே நின்றான். யாரோ அவனுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவன் அதில் உட்காரவில்லை.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம், மகள் படித்துக்கொண்டிருக்க, மனைவி அவனைப் பின்பக்கம் துணி உலர்த்துகிற இடத்துக்குக் கூப்பிட்டாள். துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். கடைசித் துணியையும் மடித்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு அதை ஓட வச்சிருக்க முடியுமாங்க?"

"முடியும்னு சொன்னா என்ன பண்ணுவ?" என்று அவன் கேட்டான்.

"தெரியலை. அதனாலதான் இத்தனை நாளா கேக்கலை."

உள்ளே தொடர் ஆரம்பிக்கிற பாட்டு கேட்டது. அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதிவு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அதை அவள் என்னிடம் சொல்லும்போது, "பாதி அவரு பண்ணினது. பாதி நான் கேக்காம இருந்தது" என்றாள்.

பதிவு குறித்த நாளில் நடந்தது. டீச்சர் அக்கா வீட்டிலிருந்தே வந்தார். அந்த மேல் மாடிக்கு அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. தம்பி மகன் கடைசி நிமிஷம் வரைக்கும் போனில் தடுத்துப் பார்த்தான். "என்னைக் கடைசியா அக்காகிட்ட தூக்கிட்டுப் போன பிள்ளை இவன். நீ எங்க இருந்தே? இவனுக்குச் சும்மாகூடக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். லிப்ட்காரன் கையெழுத்துப் போட்டபோது பேனா எழுதவில்லை. வேறு பேனா கொடுத்தார்கள். அது எழுதியது.

குடிபோன பிறகு ஒரு வாரம் சாமான்களைப் படியிலேயே ஏற்றினார்கள். அதற்கப்புறம் அவன் லிப்ட்டைச் சரிசெய்தான். குடியிருப்போர் கைகுலுக்கினார்கள். ஒருத்தர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். போர்டு வந்துவிட்டதா என்று கேட்டவர்களிடம் வந்துவிட்டது என்றான். மனைவி சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், அதற்குப் பிறகு அதைத் திறந்தேதான் வைத்தாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தூங்க இடம் கிடைத்தது, தூக்கம் போய்விட்டது. டீச்சரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று ஒரு நாள் மனைவியிடம் சொன்னான். "வீடு கைக்கு வந்தப்புறம்தான் உங்க மனசாட்சிக்கு விலாசம் கிடைச்சுதா?" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

டீச்சர் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் குழாய் ஒழுகுகிறது, கொஞ்சம் பார்க்கிறாயா என்றார். பார்த்தான். சரிசெய்தான். கை துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"டீச்சர், அந்த லிப்ட்டை முன்னாடியே சரி பண்ணியிருக்கலாம்."

"கம்பெனி சாமானை அனுப்பலைன்னா நீ என்ன பண்ணுவ?"

"சாமான் தேவைப்படலை டீச்சர். சின்ன வேலைதான். எனக்கு அப்பவே தெரியும்."

டீச்சர் அவனையே பார்த்தார். வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு நேரம் கொடுப்பதுபோலப் பார்த்தார் என்றான் அவன். அவன் பூட்டைச் சொன்னான், சாவியைச் சொன்னான், மூன்றாம் மாடியைச் சொன்னான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள், கிளம்பவில்லை, மறுபடி கிளப்பினார்கள், போய்விட்டார்கள்.

"அக்காவுக்கு முடியாம போன அன்னைக்கும் சாவி உங்கிட்டதான் இருந்துதா?"

"ஆமா டீச்சர்."

"உனக்கு மூச்சு வாங்குதுன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் டீச்சர். அவனிடம் சொல்கிற மாதிரி இல்லை. யாருக்கோ கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "தண்ணி வேற வாங்கிக் கொடுத்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன். அந்த வாக்கியம் வாயில் வந்து நின்றது. அவன் அதைச் சொல்லவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்தாரா என்பது அவனுக்குத் தெரியாது. காத்திருந்தது போலத்தான் தோன்றியது என்றான்.

"சரி. நீ போ" என்றார் டீச்சர்.

போனான்.

டீச்சர் இதைத் தம்பி மகனிடமோ வேறு யாரிடமோ சொன்னதாகத் தெரியவில்லை. அக்கா வீட்டிலேயே இன்னும் சில வருடங்கள் இருந்தார். மாத்திரையை வேறு கடையில் வாங்கிக்கொண்டார். பிறகு படுக்கையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தகவல் தெரிந்து லிப்ட்காரனும் மனைவியும் போனார்கள். வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார்கள். தம்பி மகன் வந்து காரியங்களை முடித்துவிட்டு ஊர் திரும்பினான். அரைமணி ஓய்வு பெற்றுவிட்டார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் அதே வாடகை வீடுதான். கூடத்தில் இப்போது அண்ணியின் தங்கை குடும்பம் இருக்கிறது. லிப்ட்காரனை அதே கம்பெனியில் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள். மனைவி மருந்துக்கடை வேலையில்தான் இருக்கிறாள். மகள் படித்து முடித்து வேறு நகரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே வாடகைக்கு இருக்கிறாள். அந்த மேல் மாடி வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான். கடன் அடைய இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.